அங்கே இருந்தார் என்பதற்கு என்ன சான்று?

படைமுகாம் ஒன்றுக்குள் தடுத்து வைக்கப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளான ஒருவருக்காக நீதி கேட்டுக் கொழும்பின் நீதிமன்ற வளாகமான புதுக்கடைக்கு வரும் குடும்பம், தன்னிடம் முதலில் காயங்களைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று எண்ணி வருகிறது. மருத்துவ அறிக்கை, புகைப்படம், பழைய பத்திரிகை நறுக்கு என்று ஒரு பையில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் கேட்கப்படும் முதற் கேள்வி வேறு. அவர் அந்த முகாமில் இருந்தார் என்பதற்கு என்ன சான்று? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமற்போன கோப்புகள்தான், சட்டத்தரணி அலுவலகமொன்றில் சத்தியக்கடதாசிகளை எழுதிக்கொடுக்கும் வேலையில் நான் கண்ட கோப்புகளில் மிகப் பெரும்பாலானவை.

சட்டம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. இலங்கை அரசியலமைப்பின் 11 ஆவது உறுப்புரை சித்திரவதையிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமையை எந்த மட்டுப்பாடுமின்றி அளிக்கிறது. பேச்சுச் சுதந்திரத்தைத் தேசிய பாதுகாப்பின் பெயரால் கட்டுப்படுத்தலாம். இந்த உரிமையை அப்படிக் கட்டுப்படுத்த இயலாது. 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதையை மேல் நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும் குற்றமாக்கி, குறைந்தது 7 ஆண்டும் கூடியது 10 ஆண்டும் சிறைத்தண்டனை விதிக்கிறது. போர் நடந்தது என்பதோ, அவசரகாலம் நிலவியது என்பதோ, மேலதிகாரி கட்டளையிட்டார் என்பதோ எதிர்வாதமாகாது என்று அதே சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட சட்டத்தின் கீழ் முதலாவது ஆள் தண்டிக்கப்படுவதற்கு 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவரும் ஒரு பொலிஸ் அதிகாரி. படைமுகாம்களின் வாசலை இந்தச் சட்டம் எட்டிப் பார்த்தது மிக அரிது.

காரணம், பொலிஸ் நிலையத்துக்கும் படைமுகாமுக்கும் இடையிலுள்ள ஓர் எளிய வேறுபாடு. பொலிஸ் நிலையத்தில் தகவல் புத்தகம் இருக்கிறது, கூண்டில் அடைக்கப்பட்டோரின் பதிவு இருக்கிறது, அதைப் பொய்யாக எழுதினாலும் எழுதிய கை யாருடையது என்று கேட்க இடமிருக்கிறது. தமிழ் வீடுகளில் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும், கொழும்புப் பொலிஸ் தலைமையகத்தின் விசாரணைக் கூடமான நாலாம் மாடிக்குக்கூட ஒரு முகவரி இருந்தது. தாய்மார் சாப்பாட்டுப் பார்சலுடன் அதன் வாசலில் நிற்க முடிந்தது. படையினர் கைது செய்தால் 24 மணித்தியாலத்துக்குள் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதே அவசரகால விதிகளின் ஏற்பாடு. கைதானவரின் உறவினருக்குக் கைதை உறுதிப்படுத்தும் ஆவணம் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற ஜனாதிபதிப் பணிப்புரை 2006 ஜூலையில் வெளியாகி, அடுத்த ஆண்டு மீண்டும் வெளியிடப்பட்டது. என் மேசைக்கு வந்த கோப்புகளில் ஒன்றில்கூட அந்த ஆவணத்தை நான் கண்டதில்லை. ஆவணம் இல்லாத கைது, நீதிமன்றத்தின் கண்ணில் நடக்காத கைதாகிவிடுகிறது. நடக்காத கைதின்போது அடி எப்படி விழும்?

இந்த மறுப்புச் சுவர் ஒரு முறை உள்ளிருந்தே விரிசல் கண்டது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறங்களிலும் கடத்தப்பட்ட 11 பேரின் வழக்கைத்தான் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கொழும்பை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் 2007 ஜூனில் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதும், மறுநாளே உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியதும், ஆட்களைக் கடத்திச் சென்ற வெள்ளை வானும், கப்பம் கேட்டு வரும் தொலைபேசி அழைப்பும் அன்றாடச் செய்திகளாக இருந்த காலம் அது. 2008 செப்டெம்பர் 17 ஆம் திகதி இரவு தெஹிவளையில் ஐந்து இளைஞர்கள் ஒன்றாகக் கொண்டு செல்லப்பட்டனர். வெவ்வேறு நாட்களில் கடத்தப்பட்ட மற்றவர்களையும் சேர்த்து, பெரும்பாலும் தமிழர்களும் முஸ்லிம்களுமான 11 பேர், கோட்டை சைத்திய வீதியில் 'பிட்டு பம்புவ' என்று கடற்படையினர் அழைத்த இடத்திலும், பின்னர் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் 'கன் சைட்' எனப்பட்ட நிலக்கீழ் அறைகளிலும் வைக்கப்பட்டிருந்தனர் என்பது குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் விசாரணை முடிவு. பணம் பறிப்பதே நோக்கம் என்றும் அவ்விசாரணை கூறியது. புலிகள், பாதுகாப்பு என்ற வழக்கமான போர்வைகூட அங்கே தேவைப்படவில்லை.

இவ்வழக்கு ஏன் முன்னே நகர்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2009 மே மாதத்தில் அப்போதைய கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட தம் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த லெப்டினன்ட் கமாண்டர் சம்பத் முனசிங்கவுக்கு எதிராக முறைப்பாடு செய்தார். அந்த அதிகாரியின் அறையிலிருந்து காணாமற்போனோர் சிலரின் அடையாள அட்டைகளும் கடவுச்சீட்டும் கண்டெடுக்கப்பட்டிருந்தன. தடுத்து வைக்கப்பட்ட இளைஞர்களில் ஒருவர், காவலில் நின்ற சிப்பாய்களின் தொலைபேசிகளை இரந்து வாங்கி மாதக்கணக்கில் வீட்டாருடன் பேசியிருந்தார். அவ்வழைப்புகளின் பதிவுகள் தொலைபேசி நிறுவனங்களிடம் இருந்தன. எந்த இலக்கத்திலிருந்து, எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள்ளிருந்து அழைப்பு வந்தது என்பதை விசாரணையாளர்கள் கோத்துப் பார்த்தார்கள். பிறகு அத்தளத்தில் பணியாற்றிய கடற்படையினரே, அவர்களைத் தாம் கண்டதாக வாக்குமூலம் அளித்தார்கள். வருகைப் பதிவேடு செய்திருக்க வேண்டிய வேலையை, பயந்த ஒரு பிள்ளை தன் தாய்க்கு எடுத்த அழைப்புகள் செய்தன. 2015 நவம்பரில் இலங்கைக்கு வந்த பலவந்தமாகக் காணாமலாக்கப்படுவோர் பற்றிய ஐ.நா. செயற்குழு, திருகோணமலைத் தளத்தின் அந்த நிலக்கீழ் இடத்தை நேரிற் சென்று பார்த்து, அங்கே இரகசியத் தடுப்பு இருந்ததை வெளியே சொன்னது.

இவ்வளவு சான்று திரண்ட பின்னர் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். விரித்தால் கோபம்தான் மிஞ்சும். முனசிங்க அல்லாத இன்னொரு கடற்படை அதிகாரி, 'நேவி சம்பத்' என்று அறியப்பட்ட சந்தன பிரசாத் ஹெட்டியாராச்சி, இவ்வழக்கின் சந்தேகநபராக 2018 இல் கைதானார். அவருக்கு அடைக்கலம் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டில், பதவியிலிருந்த பாதுகாப்புப் படைகளின் பிரதானி ரவீந்திர விஜேகுணரத்ன அதே ஆண்டு நவம்பரில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். 2019 இல் கரன்னாகொட தாமே சந்தேகநபராகப் பெயரிடப்பட்டார். அதே ஆண்டு செப்டெம்பரில் 'அட்மிரல் ஒஃப் த ஃப்ளீட்' என்ற உயர்பட்டம் அவருக்குக் கிடைத்தது. நவம்பரில் அவர் உட்பட 14 பேருக்கு எதிராக 667 குற்றச்சாட்டுகளுடன், மூன்று நீதிபதிகள் அமரும் ட்ரயல் அட் பார் நீதிமன்றில் குற்றப்பத்திரம் தாக்கலானது. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்து வந்திருக்கிறார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அதே மாதம் ஆட்சி மாறியதும் விசாரணையை நடத்திய பொலிஸ் அதிகாரி நிஷாந்த சில்வா நாட்டை விட்டு வெளியேறினார். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் பணிப்பாளராக இருந்த ஷானி அபேசேகர 2020 ஜூலையில் கைதாகி ஏறத்தாழ ஓராண்டு சிறையில் இருந்தார். அரசியல் பழிவாங்கல் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு இவ்வழக்கை நிறுத்தும்படி சட்டமா அதிபருக்குக் கட்டளையிட்டபோது, அப்போதைய சட்டமா அதிபர் தப்புல டி லிவேரா அதற்கு இணங்கவில்லை. அடுத்து வந்தவரின் காலத்தில், 2021 ஒக்டோபரில், கரன்னாகொடவுக்கு எதிரான குற்றச்சாட்டுகளை முன்கொண்டு செல்லப்போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அறிவித்தது. இரண்டு மாதங்களில் அவர் வடமேல் மாகாண ஆளுநரானார். 2023 ஏப்ரலில் அமெரிக்கா அவரைத் தன் நாட்டுக்குள் நுழையத் தடைசெய்தது.

இவ்வழக்குடன் எந்தத் தொடர்புமில்லாத, வேறொரு முகாமில் மகனைப் பறிகொடுத்த கொட்டாஞ்சேனைத் தாய் ஒருவர், சத்தியக்கடதாசியில் கையொப்பமிட்டுவிட்டுப் பேனையைக் கையில் வைத்தபடியே என்னிடம் கேட்டார்: "தம்பி, அவங்கட ஆக்களே வந்து சாட்சி சொன்ன வழக்கே இப்பிடி நிக்குதெண்டா, எங்கட வழக்கு எங்க போய் நிக்கும்?" நான் சொன்ன பதில் அவருக்குத் திருப்தி தந்திருக்காது. உங்கள் வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்யும் நாள் வரைக்கும், மகனைக் கொண்டு போகவில்லை என்று அவர்கள் ஒவ்வொரு தவணையிலும் சத்தியம் செய்தாக வேண்டும் அம்மா, என்றேன்.

அந்தச் சத்தியத்துக்கு மதிப்பில்லை என்று எண்ணிவிடக் கூடாது. ஆட்கொணர்வு மனு ஆளைக் கொண்டுவந்து தராவிட்டாலும், யார் கடைசியாக அவரை வைத்திருந்தார் என்பதை நீதிமன்ற ஏட்டில் பதியும் கருவியாக இங்கே மாறியிருக்கிறது. திருகோணமலை பிளாண்டன் பொயின்ட் இராணுவ முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்ட இரண்டு மகன்மாரின் தந்தை தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றம் 2005 இல் அத்தந்தைக்கு நட்டஈடு வழங்கியது. போரின் இறுதி நாட்களில் முல்லைத்தீவு வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தோரின் குடும்பங்கள் தொடுத்த வழக்குகளில் சிலவற்றில், இராணுவத்தின் பொறுப்பை ஏற்று வவுனியா மேல் நீதிமன்றம் 2022 இறுதியில் தீர்ப்பளித்தது. போர் முடிந்து 13 ஆண்டுகளுக்குப் பின்னர், அவர்கள் உங்களிடம் இருந்தார்கள் என்று ஒரு நீதிபதி எழுதினார்.

தண்டனையில் முடிந்த வழக்குகளும் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையன்று. 1996 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தின் செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்ட பாடசாலை மாணவி கிருசாந்தி குமாரசாமியின் வழக்கு, கொழும்பில் ட்ரயல் அட் பார் முன் நடந்து 1998 ஜூலையில் மரணதண்டனைத் தீர்ப்புகளில் முடிந்தது. அத்தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச என்ற படைவீரர் கூண்டில் நின்று சொன்ன வார்த்தைகளிலிருந்தே செம்மணிப் புதைகுழிகளின் கதை வெளிவந்தது. 1999 இல் 15 உடல்கள் தோண்டியெடுக்கப்பட்டன. 2025 இல் அதே செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. தெற்கிலும் இதே கதைதான். எம்பிலிப்பிட்டியவில் 1989–90 காலப்பகுதியில் பாடசாலை மாணவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டு, செவன இராணுவ முகாமில் வைக்கப்பட்டுக் காணாமற்போயினர். பாடசாலை அதிபரும் சில படையினரும் 1999 இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டனர். முகாமுக்குப் பொறுப்பான பிரிகேடியர் விடுவிக்கப்பட்டார். சிங்களத் தாய்மாரும் இந்த வாசல்களில் நின்றவர்கள் என்பதைத் தமிழ்ப் பக்கத்தில் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்; அவர்களுடைய வழக்குகளின் தீர்ப்புகள் நம் சட்டத்தரணிகளின் கையிலுள்ள நல்ல ஆயுதங்களில் சில.

2000 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தின் மிருசுவிலில் தம் வீடுகளைப் பார்க்கச் சென்ற இடம்பெயர்ந்தோர் படையினரிடம் அகப்பட்டனர். ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அடிபட்ட நிலையில் தப்பி வந்த ஒருவர் சொன்ன சாட்சியத்தின் மேல்தான் அவ்வழக்கு முழுவதும் நின்றது. ஐந்து படையினருக்கு எதிராகத் தொடரப்பட்ட வழக்கில் ஸ்டாஃப் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்க மட்டும் 2015 இல் மரணதண்டனை பெற்றார். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2020 மார்ச்சில், நாடே கொவிட் ஊரடங்கில் கதவைச் சாத்தியிருந்த வாரத்தில், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். இவ்வழக்குகளை ஒன்றாக அடுக்கிப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: உடல் கிடைத்தாலோ, உயிர் தப்பிய ஒருவர் வாய் திறந்தாலோ மட்டுமே தண்டனை சாத்தியமாகியிருக்கிறது. அத்தண்டனையும் கட்டளையிட்டவர்களின் மட்டத்தை எட்டுமுன்னரே நின்றுவிடுகிறது.

உயிரோடு திரும்பி வந்தவர்களின் நிலை இதனினும் சிக்கலானது. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய அரசியலமைப்பின் 126 ஆவது உறுப்புரை தரும் கால எல்லை ஒரு மாதம். தடுப்பில் இருந்து சட்டத்தரணியைக் காணவே முடியாதிருந்தவருக்கு நீதிமன்றம் இதில் சற்றுத் தளர்வு காட்டியிருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் எடுக்கப்படாது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டமும் சொல்கிறது. ஆயினும் வெளியே வந்த முதல் மாதத்தில் ஒருவர் முறைப்பாடு எழுதுவாரா, ஊரை விட்டு ஓடுவாரா? நான் அறிந்தவர்கள் ஓடினார்கள். காயம் ஆறி, பாஸ்போர்ட் எடுத்து, இலண்டனிலோ சூரிச்சிலோ ஒரு மருத்துவர் முன் அமர்ந்த பிறகே பேசினார்கள். அங்கே எழுதப்படும் மருத்துவ அறிக்கை அகதிக் கோரிக்கைக்கு உதவுகிறது. இங்கே குற்றவழக்காக மாறுவதில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த முடிச்சை இன்னும் இறுக்குகிறது. 1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவரப்பட்ட அச்சட்டத்தின் 16 ஆவது பிரிவின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரி முன் அளிக்கப்பட்ட குற்ற ஒப்புதல் சான்றாக ஏற்கப்படும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பாரம் அடி வாங்கியவர் தலையில் விழுகிறது. முகாமில் அடித்தவர் சிப்பாய், வாக்குமூலத்தை எழுதியவர் பொலிஸ் அதிகாரி, இரண்டுக்கும் இடையே பல நாட்கள். இந்த இடைவெளியை எந்தச் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை நிரப்பும்? நிலையான வடு இருந்தால் அறிக்கையில் வரும். பொலித்தீன் பையைத் தலையில் கட்டியதும், பெற்றோல் நெடியை முகரச் செய்ததும் வடு வைப்பதில்லை. பாலியல் வதையைப் பற்றி ஆண்கள் பேசுவதே இல்லை. சத்தியக்கடதாசி எழுதும்போது அந்த இடம் வந்ததும், மனைவியை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "அதை விடுங்கோ, மற்றதை எழுதுங்கோ" என்கிறார்கள். அவர்கள் விடச் சொன்னதை நான் எழுதுவதில்லை. ஆனால் பின்னர் நீதிமன்றத்தில் அது வெளிவந்தால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

இவையெல்லாம் போர்க்காலக் கதைகள் என்று ஒதுக்குவோருக்குக் கந்தக்காட்டை நினைவூட்டலாம். போதைப்பொருள் பாவனையாளர்களுக்கான, படையினர் நடத்திய அந்தப் புனர்வாழ்வு நிலையத்தில் 2022 நடுப்பகுதியில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் வேலி தாண்டி ஓடினார்கள். படையினர் சிலர் கைதானார்கள். பொதுமகனைப் படைவீரரின் காவலில் வைக்கும் பழக்கம் போருடன் முடிந்துவிடவில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டால், இன்னுமோர் ஆணைக்குழுவுக்கு நான் வாக்களிக்க மாட்டேன். வாக்குமூலம் கொடுத்துக் கொடுத்தே கிழவிகளான தாய்மாரை எனக்குத் தெரியும். 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் பலவந்தமாகக் காணாமலாக்குவதை 20 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கி, இரகசியத் தடுப்பையும் தடைசெய்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர முகாம் வாரியான ஆளணிப் பதிவுகளையும், அன்றைய காவற்கடமைப் பட்டியல்களையும், வாகன ஓட்டப் புத்தகங்களையும் விசாரணையாளர் கேட்கும்போது தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுக்க முடியாத நிலை வேண்டும். வழக்கைத் தொடுப்பதா விடுவதா என்ற முடிவும், அரசாங்கத்துக்கே சட்ட ஆலோசனை வழங்கும் அதே சட்டமா அதிபரின் கையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். சுயாதீன வழக்குத்தொடுநர் அலுவலகம் பற்றிய பேச்சு இப்போது அரசாங்க மட்டத்திலேயே நடக்கிறது. அவ்வலுவலகம் பழைய கோப்புகளையும் திறக்குமா, இனி வருவனவற்றை மட்டும் பார்க்குமா என்பதே நம் குடும்பங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

இதை வாசிப்போரில் யாருடைய வீட்டிலாவது அப்படியொரு பை இருக்குமானால், அதிலுள்ள தாள்களில் மருத்துவ அறிக்கைக்கு நிகராகப் பேண வேண்டியவை, அந்த நாட்களில் நீங்கள் அலைந்து பெற்ற முறைப்பாட்டு இலக்கங்கள்: பொலிஸ் நிலையத்தில் தந்த துண்டு, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பதிவு இலக்கம், செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த திகதி, அப்போது பயன்படுத்திய தொலைபேசி இலக்கங்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள், எங்கள் அலுவலகத்துக்கும்கூட. நிழற்பிரதி போதும்.